மூன்றாம் பகுதியில் வந்த நண்டுக்கறி

மதிப்பிற்குரிய மகளுக்கு,

நான்கு மாதங்கள் தாமதித்து எழுதுவதைப் பொறுத்தருள்க.

வாய்ப்பின்றித் திண்டாடும் பாடகியாக நீர் நடித்த நகைச்சுவைத் தொடரை ஆறு பகுதிகளோடு நிறுத்திவிட்டதாக அறிந்தேன். மூன்றாம் பகுதியில் பாடகியின் தாய், நான் உமக்குக் கொண்டுவருவது போலவே, ஐஸ்கிரீம் பெட்டியில் நண்டுக்கறியோடு மேடைக்கே வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நோர்வே மொழியை அகராதியோடு தனியே கற்ற எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. அன்றுமுதல் உமது அழைப்புகளை நான் எடுக்கவில்லை.

கடந்த ஞாயிறு பூசை முடிய, என்னோடு கோயிலுக்கு வரும் இமெல்டா கேட்டார்: "அக்கா, பிள்ளையின்ர நாடகம் நிண்டுபோச்சாமே? அந்த அம்மா வாற இடமெண்டா நான் விடாமப் பாக்கிறனான். அசல் நீங்கள்தான்!"

"ஓம், நான்தான்" என்றேன். வெட்கமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

இன்று நண்டு சமைத்து, அதே பெட்டியில் உறைய வைத்திருக்கிறேன். ஹொல்ம்லியாவில் உமது வீட்டுக்குக் கொண்டுவரலாமா? விரைவில் பதில் எழுதவும்.

இங்ஙனம்,
உமது தாய்