செபம்னு நினைத்து முழங்கால் போட்டேன்

பள்ளங்கி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் நம்ம பிள்ளை பிரின்ஸியும் நல்ல சுகம். அங்கே மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறது என்றீர்கள். இங்கே துவைத்த துணி பனியில் காயாமல் அப்படியே கெடக்கு. பிரின்ஸிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்கிறாள்.

போனில் சொன்னால் என்னைப் பேசவிடாமல் சிரிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் காட்டேஜில் ஒரு வெள்ளைக்காரம்மா தங்கியிருக்கிறார். வியாழக்கிழமை வெள்ளனே வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா பக்கத்தில் வந்து, "மே ஐ போர்ட்ரே யூ?" என்று கேட்டார். என் காதில் விழுந்தது 'ப்ரே' மட்டும்தான். எனக்காகச் செபம் பண்ண ஒரு ஆள் தானாக வந்தால் வேண்டாம் என்பேனா? விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே முழங்கால் போட்டு, கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டேன்.

அந்தம்மா வாயே திறக்கவில்லை. மனசுக்குள் செபிக்கிறார் போல என்று நானும் மனசுக்குள்ளேயே ஆரம்பித்தேன். நடுவே சரக் சரக்கென்று ஒரு சத்தம். முழங்கால் மரத்துப்போய் ஒற்றைக் கண்ணைத் திறந்தால், மடியில் அட்டையை வைத்து என்னை வரைந்துகொண்டிருக்கிறார்!

ரிசப்ஷன் ஃபெமினா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏக்கா, போர்ட்ரேன்னா ஒரு ஆளை அப்படியே படமா வரையறது. நாடகத்துல அந்த ஆளா நடிச்சாலும் அதே வார்த்தைதான். ஆளு இப்படிப்பட்டவருன்னு எழுதிக் காட்டினாலும் அதேதான்" என்றாள். இப்போது காட்டேஜில் எனக்குப் பெயரே போர்ட்ரே மேரி.

படம் முடிந்ததும் அந்தம்மா, யாருக்காக இவ்வளவு நேரம் வேண்டினாய் என்று ஃபெமினாவை வைத்துக் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, படத்தை எனக்கே கொடுத்துவிட்டார். பிரின்ஸி பார்த்துவிட்டு, "அம்மா, நீ எம்புட்டு அழகா இருக்கே!" என்றாள். கண்ணாடியில்கூட என்னை நான் இப்படிப் பார்த்ததில்லை, மச்சான்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றீர்களே, கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு தடவை இதைப் பாருங்கள். என்ன வேண்டினேன் என்று நான் எழுதவில்லை.

ஆரோக்கியமாதா உங்களைக் கொடைரோடு ஸ்டேஷன் வரைக்கும் பத்திரமாகக் கூட்டிவரட்டும்.

உங்கள்
அடைக்கலமேரி