சோளத்தட்டைக்கு நான் சொன்ன விலை

மகள் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டு போக, கீழே பென்சிலால் கருக்கிய இடம். "நேரியல் திட்டமிடல்ப்பா. லாபம் எப்பவும் மூலையிலதான் இருக்கும்" என்றாள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன். சிநேகிதரே, இதே பேச்சை உம் வாயால் கேட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நீர் கணக்கில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், விளாத்திகுளத்துப் பக்கம் அப்பா விட்டுப்போன பத்து ஏக்கர் கரிசலுக்குத் திரும்பியவர். நான் மாடு மேய்த்து, மூட்டை தூக்கி, கோவில்பட்டியில் கமிஷன் கடை போட்டவன். ஓர் ஆவணியில் என் கடை மேசையில் கிராஃப் தாளை விரித்தீர். இருக்கிற நிலத்துக்கு ஒரு கோடு. பறிக்கக் கிடைக்கிற ஆளுக்கு ஒரு கோடு.

"பொம்பளைக பூராவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருதாவ வே. அத்தனையும் மிளகாயாப் போட்டா எவன் பறிக்க?" என்றீர்.

"என் கடைக்கு வருத எவனும் இம்புட்டுக் கோடு போட்டதில்ல. மழை விழுந்தா விதைப்பான்."

"அதான் வே இன்னும் கோவணத்தோட நிக்கான்" என்று சிரித்தீர்.

தாளில் இருப்பது இரண்டே அச்சு, இரண்டு பயிரைத்தான் ஏற்ற முடியும். மிளகாய், பருத்தி, சோளம் மூன்றில் ஒன்று வெளியே போக வேண்டும். நம் பக்கத்து விவசாயச் சம்சாரி எவனும் சோளத்துக்கு லாபம் பார்ப்பதில்லை. மாடு தின்னக் காய்ந்த தட்டை வேண்டுமே என்று இரண்டு ஏக்கராவது விதைத்துவிடுவான். நீர் அதிலும் லாபம் பார்த்தீர்.

"சோளத்துக்கு விலை இருக்கு. தட்டைக்கு என்ன போட?"

"தட்டையை எவன் விக்கான்? சைபர் போடும்."

சோளம் வெளியே போயிற்று.

எனக்குத் தெரியும் வே. தட்டை இல்லாத கோடையில் மாடு என்ன பாடுபடும் என்று மேய்த்தவனுக்குத் தெரியாதா? ஆனால் சோளம் விளைந்தால் உம் வீட்டுத் தானியக் குலுக்கைக்குப் போகும். மிளகாயும் பருத்தியும் என் கடைக்கு வரும். அந்த நினைப்போடுதான் சொன்னேன்.

மழை ஏமாற்றவில்லை. ஆறு ஏக்கர் மிளகாய், நாலு பருத்தி. தாள் சொன்ன லாபம் அப்படியே வந்தது. வந்த வேகத்தில் உம் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிற்று. சித்திரையில் உம் களத்தில் மட்டும் தட்டைப் படப்பு இல்லை. தட்டை கேட்டு ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தீர். அவரவர் படப்பு அவரவர் மாட்டுக்கே போதவில்லை. "ஏ பட்டதாரி, அந்தக் கிராஃபை நறுக்கிப் போடும், மாடு திங்கட்டும்" என்று ஒருவன் சொன்னதாக நீரே வந்து சொன்னீர். அன்றைக்கு நீர் சிரிக்கவில்லை. எலும்பு தெரிய நின்ற ஜோடிக் காளைகளை அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டீர்.

மறு ஐப்பசியில் மழை விழுந்தது. கரிசல் விதைக்கிற பதத்தில் நிற்பது நாலைந்து நாள். மாடு வைத்திருப்பவன் தன் காட்டை உழுது முடிக்காமல் உம் காட்டுக்கு வருவானா? டிராக்டருக்கும் வரிசை. உம் முறை வருவதற்குள் ஈரம் போய்விட்டது. அடுத்த வருஷமும் அதே கதை. காட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் மில் வாட்ச்மேனாகப் போனீர். அங்கேயே போய்ச் சேர்ந்தும் விட்டீர். எனக்குத் தகவல் வந்தது பதினாறாம் நாள் கழிந்த பிறகு.

நீர் ஊரை விட்டுப் போன அன்று வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னீர்: "கணக்கு தப்பில்ல வே. தட்டையச் சேக்காமப் போனதுதான் தப்பு. நீரு என்ன செய்வீரு? ஏவாரிக்கு அது எப்படித் தெரியும்?"

நான் மாடு மேய்த்தவன் என்பது உமக்கு மறந்துபோயிருக்கலாம். அல்லது தெரிந்தே எனக்கு ஒரு வழி விட்டீரோ என்னவோ. நான் அந்த வழியிலேயே நழுவினேன். "ஆமா வே, எனக்கென்ன தெரியும்" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

இப்போதும் கடையில் யாராவது, "அண்ணாச்சிக்குத் தெரியாத சரக்கா?" என்று என்னைப் புகழ்கிறார்கள். அப்போதெல்லாம் உம்மிடம் கடைசியாகச் சொன்ன அந்தப் பொய்தான் நினைவுக்கு வருகிறது.