வீட்டில் இருப்பவர்கள்: இரண்டு பேர்

ஜனவரி 12

மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்பதை உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் யாரிடம் குசுகுசுவென்று பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். நானும் போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் கோபம் வருமா அழுகை வருமா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாலு வருடம் பேசாமல் இருந்தவனுக்கு எழுதுவதுதான் தோது.

நம் தெரு இனி இருக்காது. ஆற்றங்கரை ஓரமாக இருந்த கிடங்குகளை எல்லாம் இடித்துவிட்டார்கள். நீ சைக்கிள் பழகிய கயிற்றுக் கிடங்கு இருந்த இடத்தில் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு எழும்பி நிற்கிறது. மதியம் மூன்று மணிக்கே அதன் நிழல் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அடுத்தது நம் கட்டிடமும் பக்கத்துக் கட்டிடமும்தான். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. எப்போது காலி செய்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். நமக்கெல்லாம் பின்பக்கம், பெரிய சாலையைத் தாண்டி, வேறு வீடு தருகிறார்களாம். இரண்டு பேர் வரை உள்ள குடும்பத்துக்கு ஓர் அறை. அதற்கு மேல் இருந்தால் இரண்டு அறை.

எனக்கு வேலை நிறைய இருக்கிறது. சிரிக்காதே, அந்தப் புதுக் குடியிருப்பில்தான். வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்பதாவது மாடியில் ஒரு மாதிரி வீடு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஜன்னல் திரை தைக்க என்னைக் கூப்பிட்டார்கள். நம்மை இடிக்கிறவர்களுக்கே போய்த் திரை தைக்கிறாயே, உனக்கு ரோஷமே இல்லையா என்று எதிர்வீட்டு மீசைக்காரர் கேட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்கு மெல்லிய துணி. நம் கட்டிடத்தைப் பார்த்த ஜன்னலுக்கு வெளிச்சமே புகாத கெட்டித் துணி வேண்டும் என்றார் அங்கிருந்த விற்பனை மேலாளர். ஏன் என்று கேட்டேன். “அந்தப் பக்கம் பார்க்க நல்லா இருக்காது சார். ஆறு மாசந்தான், அப்புறம் கழட்டிடலாம்” என்றார். டேப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நம் மொட்டைமாடியில் உன் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நான் நின்ற கட்டிடத்தை ஒரு முறை முறைத்தாள். நான் கையாட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை. திரையைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். நன்றாகவே தொங்குகிறது.

ஒன்று வேண்டும். நீ இந்த வீட்டில்தான் இருந்தாய் என்று காட்டுகிற பழைய காகிதம் எதுவாக இருந்தாலும் அனுப்பி வை. பள்ளிச் சான்றிதழ், பழைய வங்கிப் புத்தகம், எதுவானாலும் சரி. காரணம் கேட்காதே. அம்மாவிடமும் சொல்லாதே.

அப்பா

*

பிப்ரவரி 20

மகனுக்கு,

காகிதங்கள் வந்து சேர்ந்தன. உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். உன் கையால் எழுதிய ஒரு வரி கூட இல்லை. அதில் சந்தேகமே வேண்டாம், நீ என் பிள்ளைதான்.

இனி மறைத்துப் பயனில்லை. நவம்பரில் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். உன் அம்மா மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்த நேரம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு என்றேன். “பிள்ளைங்க வெளியூர்ல இருந்தாலும் சொல்லுங்கய்யா, குடும்பத்தோட சேர்த்துக்கலாம். எல்லாரும் சேர்த்திருக்காங்க” என்றாள். நல்ல பெண். அவளே வழியைக் காட்டினாள். நான் பிள்ளை கிடையாது என்றேன். அவள் சுவரைப் பார்த்தாள். நீ ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பையோடு நிற்கிற படம். “அப்ப அது யாரு?” என்று கேட்டாள். சொந்தக்காரப் பையன் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. யோசித்துச் சொன்ன பொய் இல்லையடா. உன் கல்யாணத்துக்குப் பிறகு யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். துணிக்கடையில் சொன்னேன், முடிதிருத்தகத்தில் சொன்னேன். வீம்புக்குச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. அந்தப் பெண் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. மாடி வீட்டு டீச்சர் தன் மகனையும் மருமகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவர்கள் இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தே ஆறு வருடம் ஆகிறது.

நீ அனுப்பிய காகிதங்களோடு வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போனேன். மரியாதையாக உட்காரவைத்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். “உங்க பையன் இங்க இருந்தாரு, சரிங்கய்யா. ஆனா பையனே இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இருக்காருன்னு சொன்னா, பெரிய வீட்டுக்காக ஆளைப் புதுசா கூட்டிட்டு வர்றீங்கன்னுதான் மேல நினைப்பாங்க” என்றார் அங்கிருந்த அம்மாள். பெற்ற பிள்ளையைப் புதிதாகக் கூட்டி வருகிறேனாம். கோபப்படத்தான் போனேன். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன வாரம் பெயர்ப் பட்டியலை வெளிக் கதவில் ஒட்டிவிட்டார்கள். உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இரண்டு அறை என்றே நினைத்துக்கொண்டு, சின்ன அறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று ஒரு மாதமாக என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். யாருக்காக அந்த அறை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு மேலே வந்தவள், கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். கழுவி முடித்து என்னைப் பார்த்து, “ரெண்டு பேரா?” என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அடுப்படிக் கதவைச் சாத்துவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே உன்னோடு பேசுகிறாள். நான் இருக்கிறேனா இல்லையா என்று கூடப் பார்ப்பதில்லை. நான் செய்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். என்னைக் காட்டிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், உன் அப்பா

*

ஏப்ரல் 3

அன்புள்ள மகனுக்கு,

மனு தள்ளுபடியாகிவிட்டது. மூன்று தடவை மேலதிகாரியின் அறைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வந்தேன். நாலாவது தடவை அவரே வெளியே வந்து தோளில் கை வைத்து, “பெரியவரே, பாவமாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு மாத்தினா நாளைக்கு நூறு பேர் வருவாங்க” என்றார். அந்த மனிதரையும் திட்ட முடியவில்லை. இந்த விஷயத்தில் நான் திட்டுவதற்கு என்னைத் தவிர ஓர் ஆள் கூடக் கிடைக்கவில்லை.

சாவி கொடுத்துவிட்டார்கள். நேற்று இருவரும் புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். சுவரெல்லாம் வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, குறை சொல்லக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் வாகனம் நிறுத்துகிற கொட்டகையின் தகரக் கூரை. ஆறு எந்தத் திசையில் இருக்கிறது என்று காவலாளியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். நம்பாமல் மறுபடியும் அளந்தேன். நான் நம்பவில்லை என்பதற்காக அது நீண்டுவிடவில்லை.

உன் அம்மா அறையின் நடுவில் நின்று, கட்டில் இங்கே, தையல் மெஷின் இங்கே என்று காலால் கோடு போட்டுக் காட்டினாள். பிறகு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். “அவங்க வந்தா எங்க படுப்பாங்க?” என்றாள். என்னைக் கேட்கவில்லை. சுவரைக் கேட்டாள். நான் வராந்தாவில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். “அங்க செருப்பு கூட விடக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கான்” என்றாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முழு வாக்கியம் இதுதான். அதற்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பார்த்துக்கொள்.

இங்கே முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். டீச்சர் போனார், மீசைக்காரர் போனார். போகும்போது அவர் தன் ஜன்னல் திரைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்து, புது வீட்டு அளவுக்கு வெட்டித் தரச் சொல்லிவிட்டுப் போனார். ரோஷம் அவரையும் விட்டுவிட்டது. காலி வீடுகளின் கதவுகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றுகிறார்கள். படிக்கட்டு விளக்கையும் எடுத்துவிட்டார்கள். இருபதாம் தேதிக்குள் நாங்கள் போயாக வேண்டும். மறுநாள் இடிக்கிற இயந்திரம் வருகிறது.

இப்போது நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ வந்து கையெழுத்துப் போட்டாலும் எதுவும் மாறாது. அதற்காக எழுதவில்லை. இருபதாம் தேதி வரை இந்த வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே ஆறு இருக்கிறது. நீ படுத்துக்கொண்டிருந்த அறையில் துணிக் கட்டுகளை அடைத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் எடுத்துவிட்டுக் கழுவிவிட்டிருக்கிறேன். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

உன் மகளின் பெயர் எனக்குத் தெரியும். உன் அம்மா போனில் கூப்பிடும்போது கேட்டிருக்கிறேன். அவள் உனக்குப் பிறந்தவள் இல்லை, உன் மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள் என்று உன் கல்யாணத்தின்போது நான் ஊர் கேட்கக் கத்தினேன். அப்படிக் கத்திய ஆள் அந்தப் பெயரை இந்தக் காகிதத்தில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதாமல் விடுகிறேன். எழுதலாம் என்று உன் மனைவி சொன்னால் எழுதுகிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் மனைவியிடம் நான் இப்படி எழுதியதாகச் சொல்.

என் வாசற்படியை மிதிக்காதே என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா. இருபத்தோராம் தேதி அதை இடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் மூன்று பேரும் வந்து ஒரு தடவை மிதித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா