ஓர் அடி உள்ளே வரைந்த கோடு

மாப்ள,

கோச்சடை மைதானத்தில் இன்று காலையிலிருந்து பெயிண்ட் வாடை. உன் நினைவாக நாளை தொடங்கும் கூடைப்பந்துப் போட்டிக்காகக் களத்துக்குப் புதுக் கோடு போடுகிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்ததே நான்தான். வந்தவர், வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும் வளைவுக் கோட்டை டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பழைய கோடு தப்பாக் கெடக்கு. ஒரு அடிக்கு மேல உள்ள வந்திருக்கு. யாரு போட்டது?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

சிமெண்ட் தளம் போட்ட புதிதில் நாம் இருவரும்தான் அதை வரைந்தோம். வளைவுக்கான கயிற்றை நீ வீட்டிலேயே அளந்து வெட்டிக்கொண்டு வந்திருந்தாய். ஒரு நுனியைக் கூடைக்கு நேர் கீழே நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மறுநுனியில் சாக்பீஸைக் கட்டி நீ சுற்றி வந்தாய். வெயில் மண்டையைப் பிளந்தது. அளவு சரியா என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் போய் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

நான் குள்ளம். கூடைக்கு அடியில் நெட்டையன்களோடு மல்லுக்கட்ட முடியாது. தூரத்திலிருந்து போட்டால்தான் எனக்குப் பிழைப்பு. அதை எனக்குப் பழக்கியவன் நீ. முழங்கை விலகினால் தட்டி உள்ளே தள்ளுவாய். பந்தை விட்ட பிறகும் மணிக்கட்டை மடக்கியபடியே கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்வாய். நான் தோளால் உந்தித் தள்ளினால் உனக்குப் பொறுக்காது. "கை எறியாது மாப்ள, காலுதான் எறியும். முட்டிய மடக்கு" என்பாய். உன் முறை வரும்போது மட்டும் கோட்டிலிருந்து ஓர் எட்டு பின்னால் போய் நிற்பாய். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா ஒரு கெத்துக்கு என்றாய். நானும் சிரித்தேன்.

கோடு போட்ட நாளிலேயே நாம் பேசிக்கொண்டிருந்த கம்பெனி அணிக்குப் பிறகு ஆள் எடுத்தார்கள். எடுபட்டால் நிரந்தர வேலை. தூரத்திலிருந்து போடுகிறவனுக்கு ஒரே ஓர் இடம். வெளியூர் ஆட்டங்களில் என்னை யாரும் இறக்கியதில்லை என்பதால், நம் மைதானம் அல்லாத இடத்தில் நான் தூரத்திலிருந்து எறிந்ததே அன்றுதான். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் அடித்துத் திரும்பின. பதறிப்போய் வேகமாகத் தள்ளினேன். முழங்கை விலகியது, பழகியதெல்லாம் குலைந்துபோனது. அடுத்து நீ வந்தாய். பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது. வேலை உனக்குக் கிடைத்தது.

காளவாசலில் டீ வாங்கிக் கொடுத்து என் தோளில் கை போட்டாய். "கையெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ பயந்துட்ட மாப்ள. அம்புட்டுத்தான்."

அதை நான் நம்பினேன். எத்தனை காலம் நம்பினேன் தெரியுமா? பந்தைத் தூரத்திலிருந்து எறிவதையே விட்டேன். சேர்ந்து ஒரு கடை போடலாம் என்று என் மச்சான் கூப்பிட்டபோது, முக்கியமான நேரத்தில் சொதப்புகிற ஆள் நான் என்று ஒதுங்கிக்கொண்டேன். கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேச அழைத்தால் பந்திக்கு ஓடிவிடுவேன். என் பெண்டாட்டிகூட அப்படித்தான் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

கயிற்றைத் தெரியாமல்தான் வெட்டிவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். மனசு இன்னும் உனக்காக வாதாடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஓர் எட்டு? தெரியாதவன் எதற்குத் தினமும் பின்னால் போய் நின்றான்? போன வருஷம் திருவாதவூரில் உன்னைத் தூக்கியபோது தோள் கொடுத்தவன் நான். கூடப் பிறந்தவன் செத்ததுபோல அழுதேன். அந்த அழுகையை இப்போது யாரிடம் திரும்பக் கேட்பது, பாவி?

சாயங்காலம் பெயிண்ட் காய்ந்ததும், பயிற்சிக்கு வந்திருந்த பெண்களிடம் ஒரு பந்தை வாங்கிக்கொண்டு புதுக் கோட்டுக்கு வெளியே நின்றேன். முதல் பந்து முன்விளிம்பில்தான் அடித்தது. பயமில்லை, தூரம்தான் போதவில்லை. முட்டியை நன்றாக மடக்கி எழுந்தேன். இன்னும் சிலது வீணாகி, ஒன்று உள்ளே விழுந்தது. மணிக்கட்டு தானாக மடங்கி நின்றது. அது நீ கொடுத்தது; வேண்டாமென்றாலும் என் கையை விட்டுப் போகாது.

நாளைக்கு உன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்று உன் மனைவி கேட்டிருந்தாள். மேடை என்றால் எனக்குப் பயம் என்று மறுத்திருந்தேன். சற்றுமுன் போன் போட்டு, "வாரேன் தங்கச்சி, பேசுறேன்" என்று சொல்லிவிட்டேன். உன் மகள் முன்னால் உட்கார்ந்திருப்பாள், நல்லதைத்தான் சொல்வேன். கோட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். அது உனக்கும் எனக்கும் உள்ளது.

அன்றைக்குப் பயந்தது நீதான் மாப்ள. இரண்டு பேரும் ஒரே தூரத்தில் பழகினால் நான் ஜெயித்துவிடுவேன் என்று பயந்தாய். உன் வீட்டு நிலைமையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருப்பேனா, தெரியவில்லை. என்னிடம் நீ கேட்டிருக்கலாம்.