அந்தத் தாளில் இருப்பது அம்மாவின் பதில் இல்லை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியம்மாவுக்குக் கண்டிப்பாகக் காட்டக் கூடாது. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் வாயில் எதுவும் தங்காது. படித்த கையோடு அப்பாவுக்குப் போன் போட்டு, உன் பெண் என்னென்னவோ எழுதியிருக்கிறாள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா அடிப்பார் என்ற பயம் எனக்கில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். அதுதான் பயம்.

மாடி வீட்டு டிரைவர் மாமா நாளை விடிகாலை உங்கள் ஊர் பஸ்ஸை எடுக்கிறார். உங்கள் கையில் மட்டும் கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் கேள்வி கேட்காமல் உதவி செய்கிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள் பெரியப்பா மேல் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள். பெரியவர்கள் விஷயத்தில் சின்னப் பிள்ளைகள் தலையிடக் கூடாது, போனை அப்பாவிடம் கொடு என்றீர்கள். கொடுத்தேன். பத்து நிமிடம் பேசினீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மாமா வீட்டுக்கு அனுப்புவது, என்னை ஹாஸ்டலில் சேர்ப்பது, அப்பா தனியாக இருந்து கடையைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உங்களுக்குச் சொன்னது யார்? பள்ளிக்கூட வாசலில் நடந்ததை வைத்துச் சொல்கிறீர்களா? நான் அங்கே இருந்தேன், சொல்கிறேன். என் தம்பி, நம் சின்னவன், நம்மை விட்டுப் போய் அன்றைக்கு எழுபத்தோராவது நாள். நாலு மணிக்கு அவனைக் கூப்பிட அம்மா எப்போதும் போகிற நேரம். கால் தன்னால் நடந்துவிட்டது என்று சொன்னாள். கேட் திறந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து கத்தி அழுதாள். எல்லோரும் பார்த்தார்கள். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சின்னவன் ஒரு நாள் இரண்டு கால் ஷூ லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு பிரேயரில் தொப்பென்று விழுந்ததைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்து மறுபடியும் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் காலியான கேஸ் சிலிண்டரை மாற்றித் தராத ஆளோடு வாசலில் நின்று சண்டை போட்டாள். அந்தச் சண்டையை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அழுததை மட்டும் ஊரே சொல்லியிருக்கும்.

அப்பாவைப் பற்றி என்ன சொன்னார்கள்? மலை மாதிரி நிற்கிறான் என்று சொன்னார்கள். நீங்களும் அதையே சொன்னீர்கள். காலை ஏழரைக்குச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, மருந்துக் கடையைத் திறந்துவிடுகிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவன் ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்கிறான், அவளைத்தான் கவனிக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அம்மாவை மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னீர்கள். காட்டினோம். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். உள்ளே போவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் டிக் போட வேண்டும். இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், கிட்டத்தட்டத் தினமும் என்று நாலு கட்டம். அம்மா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அப்பா, கொடு நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். டாக்டர்களின் கையெழுத்தைத் தெருவுக்கே படித்துச் சொல்கிறவர் ஆயிற்றே. முதல் இரண்டு கேள்வியை வாசித்தார், அம்மா பதில் சொன்னாள். அதற்குள் எதிர் பெஞ்சில் ஒரு பையன் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அம்மா எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

மீதி ஏழு கேள்விக்கும் அப்பாவே டிக் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். யோசிக்கவே இல்லை. மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எந்த டிராயர் என்று கை தானாகப் போகுமே, அப்படிக் கை போனது.

உள்ளே டாக்டரம்மா அந்தத் தாளை முதலில் படித்தார். பிறகு அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டார். அவன் சட்டையைப் பார்த்தால் வரும், பள்ளிக்கூட மணி கேட்டால் வரும், மற்ற நேரம் வேலை ஓடிவிடும் என்றாள் அம்மா. யாராவது வந்து பேசினால் ஆறுதலாக இருக்கிறதா என்றதற்கு, மாடி வீட்டு அக்கா வந்தால் நன்றாக இருக்கும், ஆனால் பேச்சை நிறுத்த மாட்டாள் என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார். செத்துப்போகலாம் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் இவளுக்கு யார் தலை பின்னி விடுவார்கள் என்று அம்மா என்னைக் காட்டினாள். கடைசியாக, நான் எதற்கும் உதவாதவள் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஏன் உதவாதவளா இருக்கணும்? ஏழு வருஷம் அவனைக் கண்ணுல வெச்சு வளர்த்தேன். எம்மேல ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

டாக்டர் மறுபடியும் தாளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு நேரே, கிட்டத்தட்டத் தினமும் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான், இவள் கண்ணாடி கொண்டுவரவில்லை, இவளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போட்டேன் என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மாவுக்கு இருப்பது நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். பிள்ளை போன துக்கம், மூன்று மாதம்கூட ஆகவில்லை, அழட்டும் என்றார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு வலி வரும் போகும், நடுவில் சிரிப்பும் வரும், தன் மேலேயே வெறுப்பு வராது என்றார். சில பேருக்குத் துக்கத்தோடு நோயும் சேர்ந்துகொள்ளும், அப்போது எதிலும் ருசி இருக்காது, தான் இருப்பதே தப்பு என்று தோன்றும், அழுகைகூட வராது, அதற்கு வைத்தியம் உண்டு, வைத்தியம் செய்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. நீங்களும் ஒரு நாள் தனியாக வாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கென்ன டாக்டர், கடை இருக்கிறது என்றார் அப்பா. கிளம்பும்போது டாக்டர் அந்தத் தாளை மடித்து, பின்னால் தன் போன் நம்பரை எழுதி, என் கையில் கொடுத்தார்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். பிரித்துப் பாருங்கள் பெரியப்பா. அது யாருடைய பதில் என்று நீங்களே சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்கிற ஒன்பதாவது கேள்வியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். அதிலும் அப்பாவே போட்ட டிக், இல்லவே இல்லை என்ற கட்டத்தில் இல்லை.

அன்றிலிருந்து நான் அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை குழம்பில் தெரியாமல் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அம்மா துப்பிவிட்டு என்னைத் திட்டினாள். அப்பா முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். தெருவில் அவரை அரை டாக்டர் என்று கூப்பிடுவார்கள் இல்லையா? இப்போது யாராவது கடைக்கு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், என்னிடம் கேட்காதீர்கள் என்று கை எடுத்துக் கும்பிடுகிறாராம். கடைச் சுவரில் மாட்டியிருந்த பார்மசி சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டார். கேட்டால் கண்ணாடி விரிசல் என்கிறார். விரிசல் இல்லை, நான் பார்த்தேன்.

சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது முதல் இரண்டு நாள் அப்பாதான் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், இது மூளைக்குப் போகிற காய்ச்சல், முதல் நாளே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருப்பான் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். அப்பா அதை நம்பவில்லை. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதனால் அவரே தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். என் பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷனைப் பற்றி என்னிடம் பேசாதே என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் கோபம். இந்த வீட்டில் எல்லோருக்கும் கோபம், அப்பாவைத் தவிர.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்புவது முடிவானதிலிருந்து அப்பா ரொம்ப லேசாக இருக்கிறார். என் பிறப்புச் சான்றிதழ் எந்த ஃபைலில், வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு எதற்கு இதெல்லாம் என்றேன். "தெரிஞ்சு வெச்சுக்கோம்மா, அம்மா பதறுவா" என்றார். இதைக் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

இன்று மத்தியானம் பள்ளி ஆபீஸ் போனிலிருந்து டாக்டருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவரைத் தனியாக விடாதீர்கள், இது உன் ஒருத்தி தலையில் சுமக்கிற பாரம் இல்லை, ஒரு பெரியவரிடம் உடனே சொல்லு, ராத்திரி என்றாலும் பயமாக இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். அப்பா யார் பேச்சையாவது கேட்பாரா என்று கேட்டார். ஒரே ஒருவர் பேச்சைக் கேட்பார் என்றேன்.

கேட்பார் பெரியப்பா. அதுதான் என் கோபமே. சின்ன வயதில் அப்பாவிடம், நான் வரும் வரைக்கும் இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு நீங்கள் மறந்துபோய்விட, மழையில் இருட்டும் வரை அப்பா அதே இடத்தில் நின்றதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா முகத்தை மூடிக்கொண்டு உடைந்தபோது நீங்கள்தான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். "அழாதடா. நீ உடைஞ்சா குடும்பமே உடைஞ்சிடும்." அப்பா சட்டென்று நிறுத்தினார். அதற்குப் பிறகு அழவே இல்லை. நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். தெரிந்தும் கோபம் தீரவில்லை.

அம்மாவையும் என்னையும் பாதுகாப்பாக அனுப்புவதாக நினைக்கிறீர்கள். அப்பாவுக்கு இருக்கிற இரண்டு காவலையும் எடுக்கிறீர்கள். அம்மா எங்கேயும் வர மாட்டாள், நானும் போக மாட்டேன். நீங்கள்தான் வர வேண்டும். சனிக்கிழமைக்குள் வாருங்கள். போனில் பேசாதீர்கள், போனில் அவர் நன்றாக நடிப்பார். நேரில் வந்து, உட்கார வைத்து, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அழுடா என்று சொல்லுங்கள். பிறகு கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கூப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டு வருவார். வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டார். எனக்கு ஒரு தம்பி போனது போதும் பெரியப்பா. உங்களுக்கும் தம்பி ஒருவர்தான்

கதவு தட்டுகிறது. அப்பா. தூக்கம் வரவில்லை, கொஞ்ச நேரம் என்னோடு உட்காருகிறாயாம்மா என்று கேட்கிறார். இப்படி அவர் கேட்டதே இல்லை. குரல் வேறு மாதிரி இருக்கிறது. நான் போகிறேன், நீங்கள் உடனே வாருங்கள்.