பத்தாம் இடம் கணித்த மகனுக்கு

கோம்பை,
12.6.2006

அன்பு மகன் மகிழனுக்கு, அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் கம்ப்யூட்டரைக் கேட்காமல் எதையும் நம்பக் கூடாதே, அது எத்தனை சதவீதம் என்கிறதோ தெரியாது, நான் நூறு என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே லீட்ஸில் உனக்கு டவர் போய்விடுகிறது. கடிதத்தில் டவர் போகாது, உட்கார்ந்து கடைசி வரை படி.

இந்த முறை திராட்சை நன்றாகக் காய்த்தது, பழம் நிறம் ஏறும் நேரம் பார்த்து நாலு நாள் விடாத மழை, பாதிப் பழம் கொடியிலேயே வெடித்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, கம்பத்து டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடுவதில்லை, டிவியில் எவனோ சொன்ன எண்ணெயைத் தேய்த்து வீடெல்லாம் நாற்றம். உலகக் கோப்பை ஆரம்பித்த நாளிலிருந்து கூடலூரில் ஜீப்புக்கு ஜீப் கொடி கட்டியிருக்கிறார்கள், பிரேசில் எந்தத் திசை என்று தெரியாதவனெல்லாம் மஞ்சள் பனியன் போட்டுத் திரிகிறான். அதற்கும் நீ ஒரு பட்டியல் போட்டிருப்பாய். சந்தோஷமாகப் போடு, அதில் நம் சொந்தக்காரர் யாரும் ஆடவில்லை.

ஆனால் நம் நாட்டுக் கால்பந்து லீக்குக்குப் போட்டாயே ஒரு பட்டியல், அதற்கு உன்னை என்ன செய்தால் தகும். வெள்ளைக்காரன் டீம்களை வரிசைப்படுத்திக்கொண்டு இருந்தவரை உனக்குப் பொழுது போகவில்லை என்று விட்டுவிட்டேன். படிக்கிற காலத்தில் பந்து உன் பக்கம் வந்தால் விலகி நிற்பவன் நீ, இப்போது எந்த டீம் எத்தனாவது இடத்துக்கு வரும் என்று உலகத்துக்குச் சொல்கிறாய். போகட்டும். என் தம்பி சுருளியாண்டியின் மகன் விஜய்பாண்டி பெங்களூரில் கோல்கீப்பராக நிற்கிற டீமை, சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாமல், பத்து டீமில் பத்தாவது என்று போட்டு, லீக்கை விட்டுக் கீழே இறங்க எழுபத்தொரு சதவீதம் வாய்ப்பு என்று எழுதி, அதை இன்டர்நெட்டில் வேறு ஏற்றி வைத்தாய். உன் மாமன் மகனுக்குத் தையில் பரிசம் போட நாள் குறித்திருந்தது உனக்குத் தெரியாததா.

பெண் ஹேமாவதியின் அப்பா சங்கரலிங்கம் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் விடுகிறவர். அவருடைய டிரைவர்களுக்கு மலையாளிகளோடு சேர்ந்து பந்துப் பைத்தியம். அதில் ஒருவன் உன் பட்டியலைக் குமுளி பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஜீப் சீட்டின் பின்னால் ஒட்டிவிட்டான். மாப்பிள்ளையின் டீமுக்கு நேராக எழுபத்தொன்று இருப்பதைப் பார்த்து அந்த மனுஷர் முதலில் முதல் வகுப்பில் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது கீழே போவதற்கான மார்க் என்று டிரைவர் சொன்ன பிறகுதான் முகம் செத்துவிட்டது. பத்துப் பொருத்தம் பார்த்து எட்டுப் பொருந்திய ஜாதகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, உன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. டீம் இறங்கினால் அதை நடத்துகிற கம்பெனி சம்பளம் கொடுக்குமா, பையனை வெளியே அனுப்புமா, இது ஏதோ விளையாட்டுக்கு எழுதியதா, உண்மையா. விளையாட்டுக்குத்தான் என்று உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் இருந்தவர் அல்லவா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எம் மகன் கணக்கு இன்னிக்கு வரைக்கும் தப்புனதில்ல” என்றார். நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டேன். சங்கரலிங்கம் காபியைக் குடிக்காமல் எழுந்தார். சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பரிசத்தை நிறுத்திவிட்டார்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டு அந்தச் சனியனை எடுத்துவிடு என்றேன். நீ என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா. இது ஜோசியம் இல்லை, நிகழ்தகவு, இன்னும் இருபத்தொன்பது சதவீதம் பாக்கி இருக்கிறது, சொந்தக்காரனுக்காகக் கணக்கை மாற்ற முடியாது என்றாய். பெரிய அரிச்சந்திரன். உன் தங்கை கல்யாணத்தில் பந்திக்கு எத்தனை இலை வாங்க வேண்டும் என்று கேட்டபோது இதே கணக்குத்தான் போட்டாய், கடைசிப் பந்தி சோறு இல்லாமல் எழுந்து போனது. அதற்குப் பெயரும் நிகழ்தகவு என்று அப்போது நீ சொல்லவில்லை.

சீசன் முடிந்தது. விஜய்பாண்டியின் டீம் பத்தாவதாக வந்தது. கம்பெனி ஏழு பேரை வெளியே அனுப்பியது, அவனும் அதில் ஒருவன். பையன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய அன்றைக்கு உன்னிடமிருந்து அப்பாவுக்கு மெயில் வருகிறது, பத்தில் எட்டு டீமுக்கு கம்ப்யூட்டர் மாடல் சொன்ன இடம் அப்படியே பலித்துவிட்டது, கடைசி இடம் உட்பட, என்று. கீழே ஒரு சிரிப்பு பொம்மை. அதை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டிய உன் அப்பாவுக்கும் முகத்தில் அதே சிரிப்பு. நீ கணித்தது தப்பாகப் போயிருந்தால் உன்னை முட்டாள் என்று திட்டிவிட்டு மறந்திருப்பேன். சரியாகப் போனதற்குத்தான் எனக்கு ஆத்திரம். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவனுக்கு, அந்தக் கடைசி வரியில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் நிற்கிறான் என்பது தெரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருக்கிறது மகிழா.

இனி இழுத்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று நானும் என் தம்பி மனைவியும் போன வெள்ளிக்கிழமை கூடலூருக்குப் போனோம். உங்கள் பெண்ணுக்கு வேறு இடம் பாருங்கள், மனக்கசப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் யோசனை. பாதி சொல்லியிருப்பேன், ஹேமாவதி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவில்லை. “அத்தே, டீமு கடைசிக்கு வந்துருச்சு, சரி. நான் என்ன டீமையா கட்டிக்கிடப் போறேன்?” என்று கேட்டாள். அப்பா எடுத்துக் கொடுத்தால்தான் பேசுகிற பெண் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அப்பா, “அப்ப ஆவணியிலேயே வச்சிருவோம், ஐயரு நல்ல நாளு ரெண்டு சொன்னாக” என்றார். ஒரே பேச்சில் பரிசமும் கல்யாணமும் முடிவாகிவிட்டது. உன் கம்ப்யூட்டரில் இதற்கு எத்தனை சதவீதம் போட்டிருந்தாய்?

விஜய்பாண்டிக்குச் சென்னையில் ஒரு டீம் அடுத்த மாதம் வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருக்கிறது. எடுப்பார்களோ மாட்டார்களோ, நீ அதை எண்ணிப் பார்க்க வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. அவனுக்கு உன்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன், நீ எப்போது வருகிறாய் என்றுதான் விசாரித்தான். நேற்று தோட்டத்தில் வெடித்த பழத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: “மச்சான் கம்ப்யூட்டர்ல நான் விட்ட கோலு பூராம் இருக்கும்ல அத்தே. நான் புடிச்சது இருக்கான்னு கேட்டுச் சொல்றீகளா?” தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பதிலைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே, மெயிலும் வேண்டாம். ஆவணி கல்யாணத்துக்கு வந்து, அவன் முகத்தைப் பார்த்து நீயே சொல். வரும்போது கோல்கீப்பர் போடுகிற கையுறை ஒரு ஜோடி மறக்காமல் வாங்கி வா, அவன் கை பெரிய கை, பெரிய அளவாகப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை.

இப்படிக்கு
உன்மேல் கோபம் இன்னும் தீராத அம்மா
ரா. சங்கிலியம்மாள்