இரண்டு காகிதக் கனம்

என் பிரியமுள்ள மச்சான் ராசு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது உன் தங்கச்சிதான். நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தவள், "இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

அந்த மைக் கதைதான், மச்சான். அட்டனில் ரேடியோ திருத்துகிறவன் என்ற திமிரில் நம் தோட்டத்துக் காமன் கூத்துக்கு நானே ஒரு கண்டென்சர் மைக் செய்தேனே, தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவில். ஒரு பித்தளைத் தட்டு, அதற்கு முன்னால் விறைப்பாக இழுத்துக் கட்டிய ஈயத்தாள், இரண்டுக்கும் நடுவில் துளி இடைவெளி. மின்சாரம் கொடுத்துவிட்டால் தாளின் நடுக்கம்தான் சத்தம்.

முதலில் சிகரெட் பெட்டித் தாளை நனைத்து, காகிதத்தை உரித்துவிட்டு மாட்டினேன். இடைவெளி ஒரு காகிதக் கனம். காமன் கூத்தில் ரதி வேசம் கட்டுகிறவன் நீ. காமன் எரிந்ததும் ரதி புலம்புகிற பாட்டைச் சோதனைக்குப் பாடினாய். நீ மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது. "ஐயையோ, என் வயித்துப் பசியும் கேட்டுரும் போலயே!" என்று சிரித்தாய்.

மறுநாள் பக்கத்தில் தப்பு மேளம் அடித்தபோது தாள் போய்த் தட்டில் ஒட்டிக்கொண்டது. தப்புக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கோ தப்புச் சத்தம் றொசல்ல ஸ்டேசன் வரைக்கும் போக வேண்டும், அடுத்த தோட்டத்தான் வாயைப் பிளக்க வேண்டும். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற கனத்த ஈயத்தாளை வெட்டி மாட்டினேன். இடைவெளியை இரண்டு காகிதக் கனமாக்கினேன். உன்னை மறுபடி பாடவைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் மெல்லிய குரல் அதில் ஏறாது என்று தெரிந்துவிடுமே!

கூத்தன்று தப்பு இடியாய் இடித்தது. நீ புலம்ப ஆரம்பித்ததும் மேல் லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கத்திப் பாடுடா!" என்று எல்லார் முன்னாலும் உன்னை அதட்டினேன். கத்தினாய். குரல் பிளந்தது. ரதி அழுதால் கூடவே அழுகிற சனம், அன்றைக்குச் சிரித்தது.

"மைக்குல என்னப்பா கோளாறு?" என்று தோட்டத் தலைவர் கேட்டார். "மைக்கு நல்லாத்தான் இருக்குங்க. அவனுக்குத்தான் தொண்ட போயிருச்சு" என்றேன். சேலையோடு பக்கத்திலேயே நின்றாய். உன் காதில் விழுந்ததுதானே? ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை?

அடுத்த வருசம் வேசம் கட்டக் கூப்பிட்டவர்களிடம், "எனக்குத் தொண்ட சரியில்லீங்க" என்று என் பொய்யையே சொல்லி அனுப்பினாய். பிறகு மழை, காய்ச்சல். உன்னை மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பாவி நான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மாசி பிறந்துவிட்டது, காமன் கம்பம் ஊன்றியாகிவிட்டது. ரதி வேசம் உன் தம்பிக்கு. மெல்லிய தாளையே திரும்ப மாட்டியிருக்கிறேன், ஒரு காகிதக் கனம்தான். தப்புக்காரர்களை இருபதடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

உன் தம்பி பாடுவதற்கு முன்னால் அந்த மைக்கின் முன் நான் நிற்பேன். "ராசு தொண்டையில ஒரு கொறையும் இல்லீங்க. கொறை என் மைக்குலதான். பொய் சொன்னது நான்" என்று சொல்வேன். கத்த மாட்டேன், மச்சான். நீ பாடுகிற அந்த மெல்லிய சத்தத்திலேயே சொல்வேன். மேல் லயம் வரைக்கும் கேட்கும்.

உன் தங்கச்சி புருசன்,
செல்லையா